கிழவர்களுக்கு எதற்கு ஊர் சுற்றல்?

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இந்த நாட்டில் நாலு நாள் வீட்டை விட்டு வெளியே போகவேண்டுமானால் அவர் கையில் ஒரு கடவுச்சீட்டு இருக்கவேண்டும். கடல் தாண்டுவதற்கு அல்ல. காரியாபட்டியிலிருந்து குற்றாலம் போவதற்கு. அந்தக் கடவுச்சீட்டில் கோயில் முத்திரை விழுந்திருந்தால் மகன் தெருமுனை வரை வந்து வழியனுப்புவான். மருமகள் புளியோதரை கட்டிக் கொடுப்பாள். முத்திரை இல்லையென்றால், "இந்த வயசுல என்னத்துக்குப்பா?" என்ற ஒரே கேள்வியில் பிரயாணம் முடிந்துபோகும்.

சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இருபத்தைந்து வயதுப் பையன் கொடைக்கானலுக்குப் போகிறேன் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. அவனுடைய அப்பா அதே கொடைக்கானலுக்குப் போகிறேன் என்று சொல்லட்டும். "அங்க யாரு இருக்கா? யாருக்கும் கல்யாணமா?" என்பார்கள். "யாரும் இல்லை, மேகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று" என அவர் பதில் சொன்னால், மறுநாளே அவரை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். "பழனிக்குப் போறேன், அப்படியே மேலே ஏறிட்டு வர்றேன்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் பிழைக்கிறார்.

இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு தரப்போடு சண்டை இருக்கிறது. கிழவர்களைக் கட்டிப் போடுகிறவர்கள் ஒரு தரப்பு. கட்டை அவிழ்த்துவிட்டதும், கிடைத்த நாலு நாளையும் கோயில் எண்ணியே தீர்த்துவிடுகிற கிழவர்கள் மற்றொரு தரப்பு. இரண்டாவது தரப்பில் என் மாமனாரும் இருக்கிறார். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

காரியாபட்டியில் ஓய்வு பெற்றவர்களின் சங்கம் ஒன்று மாதம் ஒரு முறை கூடுகிறது. பள்ளிக்கூட வாத்தியார்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள், பஸ் கண்டக்டர்கள், அருப்புக்கோட்டை நூல் மில்லில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசி தின்ற இரண்டொருவர் என்று எல்லாரும் உண்டு. டீ குடிப்பார்கள். அகவிலைப்படி பற்றிப் பேசுவார்கள். உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டிய மாதம் எது என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக் கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள்.

இது மிக நல்ல காரியம். வயதானவர்கள் தனியாகப் போனால் பயம். பிள்ளைகளோடு போனால் பாரம். ஒத்த வயதுக்காரர்கள் கூட்டமாகப் போனால் இரண்டும் இல்லை. ஒருவர் மாத்திரை போட மறந்தால் பத்துப் பேர் ஞாபகப்படுத்துவார்கள். எங்கள் ஊருக்கு ரயிலும் கிடையாது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய பாதை என்று 2011-12-இல் அனுமதி கொடுத்தார்கள். அன்று ஓய்வு பெற்றவர்களில் பலர், தண்டவாளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டார்கள், வேறு ஊருக்கு. ஆகவே பஸ்தான்.

சென்ற ஆடியில் என் மாமனாருக்குத் துணையாக நானும் அந்த பஸ்ஸில் போனேன். முதலில் போட்ட திட்டம் அழகான திட்டம். "சாரல் நேரம், குற்றாலத்தில் இரண்டு நாள் இருந்து குளித்துவிட்டு வருவோம்" என்று ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. உடனே எல்லாருக்கும் பயமும் வந்துவிட்டது. வெறுமனே குளிக்கவா போவது? வீட்டில் என்ன சொல்வது? செயலாளர் அண்ணாச்சி பேனாவை எடுத்தார். போகிற வழியில் இருக்கன்குடி மாரியம்மன். அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வளவு தூரம் போய்விட்டுச் சங்கரன்கோவிலை விடலாமா? தென்காசி, இலஞ்சி, பண்பொழி மலை, பாபநாசம், நெல்லையப்பர். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு கோயில் வந்தது. கூட்டம் முடியும்போது இரண்டு நாள் நாலு நாள் ஆகியிருந்தது. கோயில் பதினான்கு ஆகியிருந்தது. குற்றாலத்துக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணி!

அந்த நாலு நாளை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஊரிலும் பஸ் நின்றதும் அண்ணாச்சி விசில் ஊதுவார். செருப்பைப் பஸ்ஸிலேயே கழற்றிவிட்டு, சுடுகிற தார் ரோட்டில் ஐம்பது கிழங்கள் ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்தைந்து நிமிஷம். பதினோரு நிலைக் கோபுரம்; அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்க ஐந்து நிமிஷமாவது வேண்டும். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆண்டாளை ஒரு நொடி கண்டார்கள். பிறகு பால்கோவாக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். எந்தக் கடைப் பால்கோவா அசல் என்று தகராறு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்ததிலிருந்து எல்லாக் கடையும் அசல்தான். ஆண்டாளுக்கு இல்லாத நேரம் பால்கோவாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "பேரப்பிள்ளைக கேப்பாகளே தம்பி" என்றார் அண்ணாச்சி. அது நியாயம்தான். ஆனால் ஆண்டாள் கேட்கமாட்டாள் என்பது என்ன நியாயம்?

குற்றாலத்தில் ஐந்தருவி நிறைந்து கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் நெரிசல். டீச்சரம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முட்டி வலி. கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, தண்ணீர் தலையில் விழுகிற இடத்துக்குப் போய்ச் சேரவே அரை மணி ஆயிற்று. அங்கே நின்றார், நின்று இரண்டு நிமிஷம் இருக்காது. மேலேயிருந்து விசில் சத்தம். இலஞ்சியில் நடை சாத்திவிடுவார்களாம். ஈரப் புடவையோடு பஸ்ஸில் ஏறி, முந்தானையைப் பிழிந்துகொண்டே, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். எழுபத்திரண்டு வயதில் ஒருவர் 'அடுத்த வருஷம்' என்று சொல்லும்போது கேட்கிறவனுக்குக் கோபம் வரவேண்டும். எனக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை குற்றாலத்தில்தான் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியங்கள். நிதானமாக உட்கார்ந்து பார்க்க வயதானவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். "அங்க படம்தான இருக்கு" என்று ஒருவர் சொன்னாராம். எண்ணிக்கைக்குத்தான் கோயில் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் நாத்திகம் பேசவில்லை. கோயிலுக்குப் போகிறவர்களிடத்தில் எனக்குச் சண்டை கிடையாது. கோயிலில் உட்காராமல் வருகிறவர்களிடத்தில்தான் சண்டை. பிரகாரத்துக் கல்தூணில் சாய்ந்து, புறாச் சத்தம் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தால் அதுவே பெரிய தரிசனம். ஒன்பது கோயிலுக்கு ஓடி ஒன்பது இடத்திலும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், அது தேர்வுக்கு முந்தின இரவு பாடம் புரட்டுகிற மாதிரி. கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் நவக்கிரகச் சுற்றுலா பஸ் விட்டது. 750 ரூபாய், விடியற்காலையில் ஏறினால், ஒரே நாளில் ஒன்பது கோயில். மலிவு, நம்பகம், யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வகையில் பாராட்டுகிறேன். ஆனால் சனி பகவானே மெதுவாக நடக்கிறவர். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்கிறார். அவரைப் பார்க்க நாம் இப்படி ஓடவேண்டுமா?

இந்தப் பிரயாணங்களில் ஓடாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பெண்கள். அவர்கள் ஓடாததற்குக் காரணம், அடுப்படியில் நிற்பதுதான். தங்கின இடம் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு குளியலறை, ஐம்பது பேர். விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆண்கள் துண்டோடு வரிசையில் நிற்க, பெண்கள் பின்கட்டில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்கள். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "நம்ம வீட்டுப் பொம்பளையாளுக இருக்கும்போது வெளியாளு எதுக்கு தம்பி? காசுக்குக் கேடு" என்று பதில் வந்தது. தலைக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். டீச்சரம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்துலருந்து நான் அம்பத்தெட்டு வயசுல ரிட்டயர் ஆயிட்டேன் தம்பி. அடுப்புலருந்து ரிட்டயர் பண்ற ஆபீசர் எந்த ஆபீஸ்ல இருக்காருன்னு சொல்லுங்க, மனு எழுதிப் போடுறேன்." ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். உப்புமா நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

அந்த உப்புமா வெந்த அடுப்புக்கு வேண்டிய சிலிண்டர் எங்கேயிருந்து வந்தது? எங்கள் பஸ்ஸின் சாமான் அறையில், பெட்டி படுக்கைகளுக்கு நடுவில், எங்களோடேதான் வந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிரைவரிடம் சொன்னேன், அண்ணாச்சியிடமும் சொன்னேன். "வருஷா வருஷம் கொண்டு போறோம், ஒண்ணும் ஆனதில்ல" என்றார்.

ஒன்றும் ஆகாத வரையில் எல்லாருக்கும் ஒன்றும் ஆனதில்லைதான். 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி என்ன நடந்தது என்பது எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் மறந்திருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள், தனியாக வாடகைக்கு எடுத்த ரயில் பெட்டி, அவர்களில் பலர் வயதானவர்கள். மதுரையில் அந்தப் பெட்டியை ரயிலிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலையில் அதற்குள் தீப்பிடித்தது. சட்டத்துக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. ஒன்பது பேர் மாண்டார்கள். மீனாட்சியம்மன் கோயில் ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரம்.

சிலிண்டர் கொண்டுவந்தது குற்றம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நான் இன்னொன்றும் கேட்கிறேன். ஊரிலேயே இல்லாத பொருளா டீ? மதுரை ரயிலடிக்கு வெளியே விடியற்காலையில் எத்தனை டீக்கடை! இறங்கி, கை கால் நீட்டி, நாலு அடி நடந்து போய்க் குடிக்கவேண்டிய டீயைப் பெட்டிக்குள்ளேயே காய்ச்சும்படி செய்வது எது? வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்கிற பயம் கொஞ்சம். காசை மிச்சம் பிடிக்கிற புத்தி கொஞ்சம். நேரத்தை மிச்சம் பிடிக்கிற அவசரம் மிச்சமெல்லாம். வீட்டையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினால் அதற்குப் பெயர் யாத்திரை இல்லை. காரியாபட்டியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் நடந்ததைப் பேப்பரில் படித்து 'உச்' கொட்டிவிட்டு, அடுத்த ஆடிக்குச் சிலிண்டரை ஏற்றுகிறோமே, நம்மை என்ன சொல்வது?

வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் 1907-லேயே கேரவன்காரர்கள் ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் காருக்குப் பின்னால் கேரவனைக் கோத்துக்கொண்டு மாதக் கணக்கில் கண்டத்தையே சுற்றுகிறார்கள். நரைத்த நாடோடிகள் என்று அவர்களுக்குச் செல்லப் பெயர். பக்கத்துக் கேரளத்தில்கூட 2021-இல் கேரவன் சுற்றுலா என்று ஒரு திட்டம் அறிவித்து, மறு வருஷம் வாகமணில் கேரவன் நிறுத்த இடமும் திறந்தார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் முகத்துக்கு அரிதாரம் பூசுகிற வண்டி என்றுதான் அர்த்தம். ஓய்வூதியக்காரருக்கு அது எட்டாது. எட்டவேண்டும் என்று நான் ஏங்கவும் இல்லை. அவர்களிடம் எனக்குப் பிடித்தது வண்டி அல்ல. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, நாற்காலியை விரித்துப் போட்டு, சாயங்காலம் முழுவதும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் பாருங்கள், அதுதான்.

அந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கும் ஆடிக்கும் இந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் மதுரைக்கும் அழகர்கோவிலுக்கும் போனார்கள். வண்டிக்குப் பின்னால் வண்டியாகப் போகும். வண்டியில் அப்பத்தாவும் உண்டு, ஆட்டுக்குட்டியும் உண்டு. வைக்கோல் மேல் சமுக்காளம். புளியமரத்தடியில் மூன்று கல் அடுப்பு. மாடு களைத்துவிடும் என்பதற்காக மனிதனும் இளைப்பாறினான். பஸ் களைப்பதில்லை, அதுதான் வந்த வினை. டீசல் இருக்கிற வரைக்கும் அது ஓடும். அது ஓடுகிற வரைக்கும் கிழவர்களும் ஓடவேண்டும்.

சரி, இவர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள்? பாதிக் காரணம் பணம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிளம்ப முடியும். ஆகவே எல்லாவற்றையும் அதிலேயே திணிக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் அரசாங்க ஓய்வூதியக்காரர் கொஞ்சம் தலை நிமிர்ந்து இருப்பார். மில்காரர் நிலைமை என்ன? தொழிலாளர் ஓய்வூதியத்துக்கு 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று குறைந்தபட்சம் வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு உலகம் சுற்றச் சொல்லலாமா? அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு ரயிலில் 40 சதவீதம், ஐம்பத்தெட்டைத் தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதம் என்று கட்டணத்தில் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், தொற்று நோயைக் காரணம் காட்டி அதை நிறுத்தினார்கள். வயதானவர்கள் வெளியே வரவேண்டாம் என்ற நல்லெண்ணமாம்! தொற்று போயிற்று, ரயில்கள் திரும்பி வந்தன, கூட்டமும் திரும்பி வந்தது. நல்லெண்ணம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. படுக்கை வகுப்புக்காவது திருப்பிக் கொடுங்கள் என்று பாராளுமன்றக் குழுவே சொல்லிப் பார்த்தது. எல்லாப் பிரயாணிகளுக்கும் பொதுவாகவே மானியம் கொடுக்கிறோமே என்று பதில் வந்தது. எல்லாருக்கும் கொடுப்பது சரி. எண்பது வயதுக்காரர் எல்லாரையும் போலவா?

மத்திய அரசு உத்தியோகத்தில் இருக்கிறவரைக்கும் விடுப்பில் ஊர் சுற்றச் சலுகை தருகிறார்கள். சுற்ற நேரமில்லாத காலத்தில் அந்தச் சலுகை உண்டு. நேரம் வந்த மறுநாள் இல்லை. கோப்பில் இதை எழுதிய மகானுக்குச் சிரிப்பு வந்ததா, தெரியவில்லை.

தமிழ்நாட்டு அறநிலையத் துறை, மூத்தவர்களை இலவசமாக அறுபடை வீட்டுக்கு அழைத்துப் போகிற திட்டத்தை 2024-இல் தொடங்கியது. ராமேசுவரத்திலிருந்து காசிக்கும் அழைத்துப் போனார்கள். ஏழை ஒருத்தி காசியைப் பார்த்துவிட்டு வந்தால் அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வயது வரம்பைப் பாருங்கள்: அறுபதிலிருந்து எழுபது. எழுபத்தோராம் வயதில் முருகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானா? அறநிலையத் துறை கோயிலுக்கு அழைத்துப் போவதில் தப்பில்லை. அது அதன் வேலை. அரசாங்கத்தில் இத்தனை துறை இருக்க, மூத்தவர்களை ஒரு தடவை கடலையோ மலையையோ பார்க்க அழைத்துப் போகவேண்டும் என்று வேறு துறைக்குத் தோன்றாததுதான் எனக்கு ஆச்சரியம். வீட்டில் மகன் கேட்கிற அதே முத்திரையைத்தான் கோட்டையிலும் கேட்கிறார்கள்.

மகன் என்றதும் ஞாபகம் வருகிறது. "கீழே விழுந்து கிழுந்து வைத்தால் யார் பார்ப்பது?" என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். உண்மையான கவலைதான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். அருவியில் விழுந்து கிடப்பவரைத் தூக்க ஐம்பது பேர் இருக்கிறார்கள். வீட்டில் பகலெல்லாம் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. நாலு நாளில் டீச்சரம்மாவுக்கு மகனிடமிருந்து வந்த போன்களை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு போனிலும் இல்லை. கேஸ் புத்தகம் எங்கே, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் யார் விடுவது, புதன்கிழமை காலையில் வந்துவிடுவாய் அல்லவா? எதற்கும் அந்த அம்மாள் சலித்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பேத்திக்குத் தலை பின்னப் போனார்.

போன மாதக் கூட்டத்தில் நானும் போய் உட்கார்ந்தேன். மாமனார் முறைத்துப் பார்த்தார். இந்த வருஷம் தரங்கம்பாடி போகலாம் என்று யோசனை சொன்னேன். ஒரே ஊர், மூன்று இரவு. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை; அதன் வாசலில் கடல்; பகலெல்லாம் காற்று. சமையலுக்கு ஆள், சிலிண்டர் கிடையாது, விசில் கிடையாது. டீச்சரம்மா முதலில் கை தூக்கினார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் என்ன சொல்வது? மாமனார்தான் காப்பாற்றினார்: "ஏன், கடல் ஓரத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கே! பாண்டியன் கட்டினது." சபையில் நிம்மதிப் பெருமூச்சு. தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது.

அதற்குள் செயலாளர் அண்ணாச்சி பேனாவைத் திறந்துவிட்டார். "பக்கத்துலதான திருக்கடையூர்? அதை விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்? அங்கிட்டுருந்து வைத்தீஸ்வரன்கோயில் எம்புட்டுத் தூரம் தம்பி?"